அண்டார்டிகாவில் கிருமியே இல்லை என்கிறார்களே, அங்கே இருப்பவர்களுக்குச் சளி பிடிக்குமா? நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடுமா?

சளி பிடிக்கும். 1969-இல் அடிலெய்டு தீவிலிருந்த பிரிட்டிஷ் முகாமில் 12 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 17 வாரங்களாக வெளியாள் யாரும் வரவில்லை. அதன்பிறகு ஒருவருக்குச் சளி பிடித்து, ஒருவர் பின் ஒருவராக மொத்தம் 6 பேர் தும்மினார்கள். என்ன வைரஸ் என்று தேடியும் சிக்கவில்லை. அவர்களோடு போன ஏதோ ஒன்றுதான் என்பது என் ஊகம்.

கிருமி இல்லாத இடம் இருக்கலாம், கிருமி இல்லாத மனிதர் கிடையாது. சின்ன வயதில் சின்னம்மை வந்து போனவருக்கு அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஆயுளுக்கும் பதுங்கியிருக்கும். டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. தூக்கம் கெட்டு, மன அழுத்தம் நீடித்து, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறினால் அந்தப் பிடி தளரும். பதுங்கியது அக்கியாகக் கிளம்பலாம். (எங்கள் பக்கம் இப்போதும் காவி குழைத்து அக்கி எழுதப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து டாக்டரிடமும் போங்கள், மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.)

விண்வெளியிலும் இதே கதைதான். விண்வெளி ஓடத்தில் குறுகிய காலம் போய்வந்த 89 பேரில் 47 பேரின் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் (சின்னம்மை வைரஸும் இதே குடும்பம்தான்) தென்பட்டன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கியவர்களில் 23-க்கு 14 பேர். பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை.

ஆனால் "சக்தி குறைந்துவிடும்" என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். அண்டார்டிகாவில் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையத்தைப் பாருங்கள். 3,233 மீட்டர் உயரம், ஆக்சிஜன் குறைவு, குளிர்காலத்தில் மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே போகும், மூன்று மாதத்துக்கு மேல் சூரியனே கிடையாது. அங்கு ஓராண்டு தங்கியவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில், சில மாதங்கள் கழிந்தபின் எதிர்ப்பு செல்கள் மந்தமாகவில்லை. கிருமித் துணுக்கைக் காட்டினால் தேவைக்கு மீறிப் பொங்கின. ஒவ்வாமையும் அழற்சியும் பிறப்பது இப்படிப்பட்ட பொங்கலில்தான். ஒரு பக்கம் பழைய வைரஸைக் கோட்டை விடுவது, மறுபக்கம் சின்னதற்கெல்லாம் சீறுவது: இதைக் குறைவு என்பதைவிட நிதானம் தப்பிவிட்டது என்பதே பொருந்தும்.

விண்வெளியில் தங்கும் நாள் கூடக்கூட உமிழ்நீரில் வைரஸின் அளவும் கூடியிருக்கிறது. போய்வர இரண்டு, மூன்று ஆண்டு பிடிக்கும் செவ்வாய்ப் பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களை உறுத்துவது அதுதான்.