ஆளில்லாத சந்தியில் யாருக்காக நிற்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை வேலை என்பதால், விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு பட்டணத்தைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சமிக்ஞை விளக்குச் சந்தியில் பெரும்பாலும் நான் ஒருவன்தான் இருப்பேன். சிவப்பு விழுந்தால் நிற்பேன். சென்ற வாரம் அப்படி நின்றபோது பின்னால் வந்த மூன்று மோட்டார் சைக்கிள்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அதில் ஒரு தம்பி திரும்பிப் பார்த்து, "அண்ணே, போலீஸ் ஒருத்தரும் இல்ல, போங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அதிலிருந்து இது மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. யாருமே வராத சாலையில் நிற்பது மடத்தனமா? இன்னொன்றும் தோன்றுகிறது. நம் ஆட்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கங்காணி, மண்டோர் போன்ற தோட்ட மேற்பார்வையாளர்களின் கண்ணுக்குப் பயந்து வேலை செய்து பழகியவர்கள். மேலே ஒரு கண் இருந்தால்தான் அடங்குவோம், அது விலகினால் நம் இஷ்டம் என்பது நம் ரத்தத்திலேயே ஊறிவிட்டதோ? அப்படியானால் சந்திக்குச் சந்தி கேமரா வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று நினைக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்)
பீடோர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் நின்றது மடத்தனம் அல்ல. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் தோட்டத்து வரலாற்றிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு எனக்கு ஒப்பவில்லை என்பதால், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கங்காணியின் கண் எந்நேரமும் தொழிலாளியின் மேல் இருந்தது என்ற சித்திரம் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்துக்குப் பொருந்தும்; பால்காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குள், பொருந்தாது. நான் சுங்கை சிப்புட்டில் இருப்பவன், பால்மரம் வெட்டியவர்கள் நடுவில் வளர்ந்தவன். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குப் பிரிந்து போய்விடுவார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடிக்கு நடுவே, நானூறு ஐந்நூறு மரங்களைத் தன்னந்தனியாக வெட்டி முடித்த பெண்களை அந்த நேரத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு கத்தி அங்கே சீராக ஓடாது. மண்டோர் வந்து பார்ப்பது எப்போதோ ஒருநாள்தான் என்றாலும், அவர் பார்க்கும்போது காயம் அங்கேயே இருக்கும். அதைவிட முக்கியமானது, அதே மரத்தை மறுவெட்டுக்கு அதே கைதான் தொட வேண்டும் என்பது. அவசரத்தில் செய்த பிழை செய்தவரிடமே திரும்பி வந்தது. ஆகவே யாரும் பார்க்காத இருட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பழக்கம் நம்மிடம் தாராளமாகவே இருந்தது. (கங்காணி முறையின் கொடுமைகளை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு கதை, அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.)

சிவப்பு விளக்கு அந்த மரத்தைப் போன்றது அல்ல என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விளக்கை மீறிப் போகிறவருக்கு எந்தத் தடயமும் மிஞ்சுவதில்லை. இன்று மீறினார், ஒன்றும் ஆகவில்லை. நாளையும் மீறினார், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் சாலை அவருக்கு "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்று பாடம் நடத்துகிறது, அந்தப் பாடம் பெரும்பாலான நாள்களில் உண்மையாகவும் இருக்கிறது. உங்களைச் சுற்றிக்கொண்டு போன அந்தத் தம்பியைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தம் அனுபவத்திலிருந்து நேர்மையாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். ஆனால் விபத்து என்பது அன்றாட அனுபவத்தில் அகப்படாத அளவுக்கு அரிதாக நடப்பது. அகப்படும் அன்று, அதிலிருந்து கற்றுக்கொள்ள அவர் இருப்பாரா என்பது நிச்சயமில்லை.

இனி, "நம் ஆட்கள்" என்று நீங்கள் எழுதியதைப் பற்றி. இதற்கு ஒரு நல்ல சோதனை நியூயார்க் நகரத்தில், யாரும் திட்டமிடாமலே நடந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிந்த அயல்நாட்டுத் தூதர்கள் வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டுப் போனால் அபராதச் சீட்டு எழுதலாம், ஆனால் பணத்தை வசூலிக்க முடியாது. அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 1997 நவம்பரிலிருந்து 2002 இறுதிவரை அப்படிக் கட்டாமல் கிடந்த சீட்டுகள் 1,50,000-க்கும் மேல், தொகை 1 கோடியே 80 லட்சம் டாலருக்கும் மேல். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தக் கணக்கை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். பட்டியலில் முதலிடம் பெற்ற குவைத்தின் தூதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 250 சீட்டுகள். சுவீடன், நார்வே, ஜப்பான், கனடா ஆகிய நாடுகளின் தூதர்கள் பெயரில் கட்டாத சீட்டு ஒன்றுகூட இல்லை. பிறகு 2002-இன் இறுதியில், மூன்றுக்கு மேல் சீட்டுகளைக் கட்டாமல் வைத்திருக்கும் வண்டியின் தூதரக எண் பலகையைப் பறித்துக்கொள்ளும் அதிகாரம் நகரத்துக்குக் கிடைத்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 விழுக்காடு குறைந்தன.

இவர்களில் யாரும் கங்காணியிடம் அடிவாங்கியவர்கள் அல்லர். தத்தம் நாட்டின் படித்த, பதவியில் உள்ள மனிதர்கள். ஆகவே கண் விலகினால் மனம் தளர்வது தோட்டத்து நோய் அல்ல. அதே சமயம், ஒரே ஊரில், ஒரே சலுகை பெற்றவர்களில், எந்தத் தண்டனையும் இல்லாமலே ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு கூட்டமும் இருந்தது என்பதை விட்டுவிடக் கூடாது. அவர்கள் தங்கள் ஊரின் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

அந்த 98 விழுக்காட்டைப் பார்த்து, "அப்படியானால் கேமராதானே வழி" என்று நீங்கள் கேட்கலாம். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தியில் பொருத்திய கேமரா அந்தச் சந்தியைக் காக்கும். அது போதாது என்பதே என் கருத்து. நம் நாட்டில் 2012-இல் ஏஇஎஸ் என்ற பெயரில் வந்து, 2017-இல் அவாஸ் என்று பெயர் மாறிய கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்பது நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். முன்னாலேயே அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதையும் தவறவிட்டால் கைப்பேசியில் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி சொல்லிவிடுகிறது. கேமராவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்து, தாண்டியதும் எண்ணெயை முறுக்கிக்கொண்டு போகும் காட்சியைப் பார்க்காதவர் உண்டா? இதில் நம் சம்மன் (அபராதச் சீட்டு) தள்ளுபடிகள் வேறு. பல ஆண்டுகளாக அவ்வப்போது பாதி விலை என்று அறிவிப்பு வந்தது, முகப்பிடத்தில் வரிசை நின்றது. தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்து கட்டிய தொகையை மனிதர்கள் தண்டனையாக எண்ணவில்லை, மின்சாரக் கட்டணத்தைப் போல ஒரு செலவாக எழுதிக்கொண்டார்கள்.

கண்ணுக்குப் பயந்து கீழ்ப்படிவதன் குறைபாடு தெளிவாகத் தெரியும் இடம் தலைக்கவசம். அதை அணிய வேண்டும் என்ற விதி இங்கே 1973-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை கூட்டரசுச் சாலையில் வந்து சேரும் இடத்தில் காலையில் சற்று நின்று கவனித்தால், சட்டையை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை முழங்கையில் தொங்கவிட்டபடி வருகிறவர்கள், தார் தொடங்கும் இடத்தில் அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வதைக் காணலாம். கவிழ்த்துக்கொள்வார்கள், வாரைப் பூட்ட மாட்டார்கள். வார் இரண்டு பக்கமும் காற்றில் ஆடும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ரோட்பிளாக்கில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தூரத்திலிருந்து தலைக்கவசம் தெரியும், வார் தெரியாது. அவருக்காகப் போட்டது அவர் பார்க்கும் அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் விழும்போது மண்டையைக் காப்பது வார்தான். பூட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்னால் உருண்டு போய்விடும். நாட்டில் சாலை விபத்துகளில் 2019-இல் இறந்தவர்கள் 6,167 பேர். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இந்தக் கணக்கில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே மனிதர்கள் தோட்டத்துக்குள் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே போலீஸ் வருவதில்லை, ரோட்பிளாக் இல்லை, பலகை இருந்தாலும் துருப்பிடித்து எழுத்து மறைந்திருக்கும். ஆனால் மாரியம்மன் கோயில் வளைவில் வேகத்தைக் குறைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் ஊர்ந்து போகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வந்தால் புல்லில் இறங்கி வழிவிடுகிறார்கள், ஏனென்றால் பாரத்தோடு அது ஒதுங்க முடியாது என்று தெரியும். எழுதாத இந்த விதிகளை யாரும் கண்காணிக்காமலே காப்பாற்றுகிறார்கள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை இன்னார் வீட்டுப் பிள்ளை, லோரியை ஓட்டுகிறவர் இன்ன மாமா என்று தெரிவதால்தான் இது நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். கெட்டது நடந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டணத்துச் சந்தியில் குறுக்கே வரக்கூடியவருக்கு அப்படி ஒரு முகம் இல்லை. அவர் ஈப்போவிலிருந்து வரும் யாரோ ஒருவர். நம்மிடம் குறைவது பயமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்; முகம் தெரியாதவரைக் கணக்கில் எடுக்கும் பழக்கம்தான் குறைகிறது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விடியும் முன் சந்தி காலியாக இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு எட்டிய தூரம் வெளிச்சம் இல்லை என்பது மட்டுமே தெரியும். கடை வரிசைக்குப் பின்னாலிருந்து வருகிறவர் சந்திக்கு வந்த பிறகுதான் தெரிவார். முன்விளக்கு எரியாத மோட்டாரும், விளக்கே இல்லாத சைக்கிளும் அப்போதும் தெரியாமல் போகலாம். அவருக்குப் பச்சை விழுந்திருக்கிறது. பச்சையைப் பார்த்தவர் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதில்லை. எதிர்ப்பக்கம் சிவப்பில் இருப்பவர் நிற்பார் என்று நம்பித்தான் அவர் தம் வேகத்தை வைத்திருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு பேருக்கு நடுவே அந்த விளக்கு செய்துவைத்த ஏற்பாடு அது. பகலில், நெரிசலில், எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போகும்போது விளக்கு இல்லாவிட்டாலும் எப்படியோ சமாளித்துக் கடந்துவிடுவோம். அது மிகவும் தேவைப்படுவது நீங்கள் கடக்கும் அந்த இருட்டு நேரத்தில்தான்.

இதற்காக எல்லா விளக்கையும் நான் ஆதரித்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். குறுக்குச் சாலையில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், நடுப்பகலுக்கு வைத்த நேரக் கணக்கையே நள்ளிரவிலும் ஓட்டும் விளக்கு, காரணமில்லாமல் மனிதர்களைக் காக்க வைத்து, விதியின் மேலேயே அலுப்பை உண்டாக்குகிறது. வாகனத்தை உணர்ந்து மாறும் விளக்குகள் உள்ளன. போக்குவரத்து மிகக் குறைந்த நேரத்தில் மஞ்சளை மட்டும் சிமிட்டவிட்டு, பார்த்துப் போகும் பொறுப்பை ஓட்டுநரிடமே விட்டுவிடும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. எந்தச் சந்திக்கு எது பொருந்தும் என்பதைப் பொறியாளர்கள் முடிவு செய்ய வேண்டும். அது மாறும் வரை சிவப்பு சிவப்புதான்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்று பின்னால் வருகிறவர் எதிர்பார்ப்பதில்லை என்பதை உங்கள் அனுபவமே காட்டுகிறது. வந்தது மோட்டார் என்பதால் சுற்றிக்கொண்டு போனார்கள். பாரம் ஏற்றிய லோரியாக இருந்தால் அப்படிச் சுற்ற முடியாது. எனவே தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக் விளக்கு பின்னால் வருகிறவருக்கு நன்றாகத் தெரியும்படி மெல்ல மிதித்து நிறுத்துங்கள், பின்கண்ணாடியில் ஒரு கண் இருக்கட்டும். ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

உங்கள் சந்தியில் காத்திருப்பு உண்மையிலேயே அளவுக்கு மீறியதாக இருந்தால் புகார் எழுதுங்கள். கூட்டரசுச் சாலை என்றால் பொதுப்பணி இலாகாவுக்கு, ஊர்ச் சாலை என்றால் மாவட்ட மன்றத்துக்கு. சந்தியின் பெயர், நீங்கள் வரும் திசை, கடக்கும் நேரம், சிவப்பு எத்தனை விநாடி நீடிக்கிறது, அந்த நேரத்தில் குறுக்கே எத்தனை வண்டி வந்தது ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்து மலாயில் எழுதி அனுப்பினால், "விளக்கு சரியில்லை" என்ற ஒற்றை வரிப் புகாரைவிட அதற்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். விநாடியை எண்ணும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரிடம் கொடுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் செய்ய வேண்டாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்