விளையாட்டுப் பட்டப்படிப்புக்கு வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் மொரீஷியஸில், கத்ர் போர்னில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு ஹெச்.எஸ்.சி. எழுதுகிறாள். கைப்பந்தில் ஜூனியர் தேசிய அணியில் ஆடியவள். வெளிநாடு போய் ஸ்போர்ட்ஸ் சயன்ஸ்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையோடு இடம் தந்திருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 19,000 பவுண்ட். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் முழு விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 2,500 டாலர் முன்பணம் கேட்கிறார். எங்கள் சேமிப்பு 18 லட்சம் ரூபாய். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 95,000. வீட்டுக் கடன் தவணை 15,000. வீட்டின் மேல் இன்னும் கடன் வாங்கலாமா? ஃப்ளாக்கில் மாமியார் பெயரில் இருக்கும் நிலத்தை விற்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்காலர்ஷிப்பை முடிவு செய்பவர் அங்குள்ள பயிற்சியாளர். மகள் ஆடிய வீடியோவையும் மதிப்பெண்களையும் அவருக்கு நேராக அனுப்பச் செலவு ஏதும் இல்லை. முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று உறுதி சொல்ல நடுவில் இருப்பவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பது விளையாடுவதற்குத் தருகிற பணம். அதை வாங்கிக்கொண்டு கணக்கியலும் படிக்கலாம். விளையாட்டுப் பட்டம் என்பது வேறு, உடலியக்கம், உணவு, பயிற்சி முறை, காயம் இவற்றைப் பற்றிய பாடம். அதற்குப் பந்தைத் தொடவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை. மற்ற பிரிவுகளிலும் பாதி, கால் பங்கு என்று பிரித்துத் தருவது சாதாரணம். பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முழங்கால் போனால் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியும், ஜிம்மும், ஃபிசியோவும்தான்.

சரி, இங்கிலாந்துக் கணக்கைப் போடுவோம். ஏஜென்ட்டுகளும் பல்கலைக்கழகங்களும் முதல் ஆண்டுக் கணக்கைத்தான் காட்டுவார்கள். நீங்கள் மூன்றாண்டுக்குப் போடுங்கள். கட்டணம் 57,000 பவுண்ட். செலவுக்கு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாதத்துக்கு விசா விதி கேட்கிறது, ஆண்டுக்கு 10,539. மூன்றாண்டுக்கு ஏறக்குறைய 31,600. சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 வீதம், மூன்றாண்டைவிடச் சற்று நீளும் விசா காலம் முழுவதற்கும் முன்கூட்டியே, சுமார் 2,700. ஆக 91,000 பவுண்டைத் தாண்டுகிறது. பவுண்ட் 60 ரூபாய் என்றால் 55 லட்சம். விமான டிக்கெட்டும் கோடை விடுமுறைச் செலவும் இதில் சேரவில்லை.

உங்கள் 18 லட்சம் போக 37 லட்சம் கடன். 7 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்தால் தவணை மாதம் சுமார் 43,000. இருக்கிற 15,000 தவணையையும் சேர்த்தால் 58,000. மீதி 37,000 ரூபாயில் குடும்பம் நடத்த வேண்டும். படிப்பு முடியும்வரை வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று வங்கி சொல்லும். அது தவணையைத் தள்ளிப் போடுகிறதே தவிர குறைக்காது. இதில் ரூபாயின் சரிவு வேறு. 2019இல் ஒரு டாலர் 36 ரூபாய் அளவில் இருந்தது, 2025இல் 45, 46 ஆகிவிட்டது. கட்டணமோ பவுண்டில், சம்பளமோ ரூபாயில்!

“பகுதி நேரம் கோச்சிங் கொடுத்துச் சமாளிப்பாள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் மாணவர் விசாவில் படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம்; ஆனால் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ சம்பாதிக்கக் கூடாது. பாடத்தின் பகுதியாக மதிப்பிடப்படும் பயிற்சி வேலைக்கு மட்டும் விலக்கு. அவளுக்குத் தெரிந்த ஒரே தொழிலில் அவள் சம்பாதிக்க முடியாது, கடையிலோ உணவகத்திலோதான். இன்னொன்று: மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு வங்கிக் கணக்கு ஆவணத்தை விண்ணப்பத்தோடு வைக்கச் சொல்வதில்லை. அதனால் பணம் தேவையில்லை என்று அர்த்தமில்லை. கேட்டால் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும், அதுவும் அவள் பெயரிலோ உங்கள் பெயரிலோ. மாமா கணக்கில் இருக்கும் பணம் செல்லாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தென்னாப்பிரிக்காவைத்தான் பார்ப்பேன். நம் வீடுகளில் லண்டன் என்றால் ஒரு மரியாதை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்டெலன்போஷ், பிரிட்டோரியா, பாட்செஃப்ஸ்ட்ரூமில் உள்ள நார்த்-வெஸ்ட் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் துறையில் நல்ல பெயர். தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கில் நாமும் உறுப்பு நாடு. 1997 கல்வி உடன்படிக்கையின்படி, சாடெக் மாணவர்களுக்கு உள்நாட்டுக் கட்டணமே என்பது கொள்கை. கேப் டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அதன்மேல் ஒரு சர்வதேசக் கட்டணம் சேரும். ஆகவே சேருமிடத்தில் ‘சாடெக் மாணவருக்கு மொத்தம் எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே பதிவான மருத்துவத் திட்டத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 220,000 ரேண்ட் என்று வைத்து, ரேண்டுக்கு 2.60 ரூபாய் போட்டால், மூன்றாண்டுக்குச் சுமார் 17 லட்சம். உங்கள் சேமிப்பிலேயே அடங்குகிறது.

அங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது, நம் ஹெச்.எஸ்.சி. முடிவும் கிட்டத்தட்ட அப்போதுதான். விண்ணப்பமோ பல இடங்களில் முந்தைய ஆண்டின் நடுவிலேயே மூடிவிடும். பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்ணை வைத்து இப்போதே போடுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கான நுழைவு விலக்கையும், அதாவது நம் ஹெச்.எஸ்.சி.யை அவர்கள் பள்ளியிறுதித் தகுதிக்குப் பதிலாக ஏற்கும் சான்றையும், கேட்பார்கள்.

அப்புறம் வேலை. நம் தீவில் ஸ்போர்ட்ஸ் சயன்டிஸ்ட் என்று ஆள் தேடும் அலுவலகங்கள் கொஞ்சம்தான். உடற்கல்வி ஆசிரியை, ஹோட்டல் உடல்நலப் பிரிவு, ஃபிசியோதெரபி என்றால் வழி இருக்கிறது. ஃபிசியோதெரபி என்றால் அது தனிப் பட்டம், இங்கே பதிவு வேண்டும். அவள் மனது அந்தப் பக்கம் சாய்ந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளட்டும். எந்தப் பட்டமானாலும் இங்கே ஏற்கப்படுமா என்று உயர்கல்வி ஆணையத்திடம் முன்பே கேளுங்கள். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு இங்கேயே அரசுப் பல்கலைக்கழகத்தில், 2019 முதல் கட்டணமில்லாமல், மேலாண்மை படித்துவிட்டுப் போகலாம்.

பணம் அனுப்ப நமக்கு அந்நியச் செலாவணித் தடை எதுவும் இல்லை. ஆனால் வங்கியில் டாலர், பவுண்ட் கேட்ட நாளில் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். கட்டணம் கட்டும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். வருமான வரிக் கணக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கான கழிவையும் விட்டுவிட வேண்டாம்.

தென்னாப்பிரிக்கா என்றால் ஃப்ளாக் நிலத்தைத் தொடத் தேவையே இல்லை. மகள் இங்கிலாந்துதான் என்று அடம்பிடித்தால், வீட்டின் மேல் கடன் வாங்குவதைவிட நிலத்தை விற்பது மேல். ஆனால் அது மாமியாருடைய சொத்து. உங்கள் கணவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு வரும். நோட்டரியிடம் போவதற்கு முன் அவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.