காது வலிக்கு எத்தனை மில்லி?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. சளி பிடித்தாலே ராத்திரியில் காது வலியால் துடிக்கிறாள். பாராசிட்டமால் சிரப் ஒரு ஸ்பூன் கொடுக்கிறேன். சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. ஏன்?

பதில்: அந்த 'ஒரு ஸ்பூன்' மேல்தான் எங்களுக்குச் சந்தேகம். பாராசிட்டமாலுக்கு எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகளுக்கு 180 மி.கி. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 125 மி.கி. என்றிருந்தால் 7 மில்லி வேண்டும், 250 மி.கி. என்றால் மூன்றரை மில்லி போதும். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். அதை 5 மில்லி ஸ்பூனில் ஊற்றினால் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள்.

வலி அடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பொறுக்காமல் மறுபடி கொடுப்பதுதான் ஆபத்து, ஈரல் பாதிக்கப்படும். ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சளி சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். டெங்கு சந்தேகம், அம்மை, வாந்திபேதி இருந்தால் ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்து கூடாது. நிமசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

மருந்து வேலை செய்யும்வரை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படுத்தால் காதுக்குள் அழுத்தம் கூடும். வெதுவெதுப்பான உலர்ந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், சூட்டை உங்கள் கன்னத்தில் பார்த்துவிட்டு. 'ஒண்ணுமில்ல, அழாதே' என்பதைவிட 'வலிக்குதா, எங்கே?' என்று கேட்டுவிட்டு அவளுக்குப் பிடித்த கதைக்குள் கூட்டிப் போவது நல்லது. பூண்டு எண்ணெய் மட்டும் விடாதீர்கள்: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிவிடும், டாக்டர் பார்க்கும்போதும் எண்ணெய் மறைத்து, செவிப்பறை சரியாகத் தெரியாது.

சீழ் வடிந்தாலோ, வலி இரண்டு நாளைத் தாண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். காதுக்குப் பின்னால் வீக்கம், கழுத்து விறைப்பு என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகுமுன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஊசி குத்தும் வலியை அது குறைக்காது. தாய்ப்பால்தான் நல்ல மருந்து: ரோட்டா, போலியோ சொட்டுகள் முடிந்ததும் மார்பில் போட்டு, குழந்தை குடிக்கும்போதே தொடையில் ஊசி போடச் சொல்லுங்கள். அதிகம் வலிக்கும் ஊசி எதுவென்று நர்ஸிடம் கேட்டு, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிறகு காய்ச்சலோ விடாத அழுகையோ இருந்தால், எடை பார்த்து அவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுங்கள்.