மாரடைப்பு வந்து வீடு திரும்பிய தங்கச்சிகளுக்கு

இதய வார்டில் 22 வருடம் செவிலியராக இருந்தேன், ஊர் தங்கச்சிமடம். இளம் வயதில் மாரடைப்பு வந்த பெண்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், பெண்களுக்கு வந்தால் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்கிறார்களே? (மண்டபம், 44)

இல்லை தங்கச்சி. அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவமனைகளில் 50 வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்களைச் சுமார் 11 வருடம் கவனித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. வீட்டுக்குப் போன பிறகுள்ள வருடங்களில்தான் பெண்கள் அதிகம் இறந்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளும் குறைவு. 55 வயது வரை உள்ளவர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஆண்களில் 100க்கு 23 பேர், பெண்களில் 35 பேர். அதனால் உங்கள் சீட்டில் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இரண்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து ஐந்து மாதம். பாசி எடுக்கக் கடலுக்குப் போகலாமா அக்கா? (பாம்பன், 41)

மூச்சைப் பிடித்து முங்குவது இதயத்துக்குப் பெரிய வேலை. டிரெட்மில் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை கரையில் பாசி உலர்த்துகிற வேலையை மட்டும் பாருங்கள். தினமும் நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று: விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் கடலடிப் பார்க்கல் கிழிக்காமல் விடுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சின்னக் கீறலும் நிற்க நேரமாகும். சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

மாதவிடாய் அதிகமாகப் போகிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளோபிடோக்ரல் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். (சாயல்குடி, 39)

தயவுசெய்து இன்றே டாக்டரைப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் இந்த மாத்திரையை விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைக்கலாம். நான் வார்டில் பார்த்து மனம் உடைந்ததெல்லாம் இப்படித் திரும்பி வந்தவர்களைத்தான். ரத்தப்போக்குக்கு வழி உண்டு. ஹீமோகுளோபின் பாருங்கள், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மகப்பேறு டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே “எனக்கு மாரடைப்பு வந்திருக்கிறது” என்பதாக இருக்கட்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது.

கருவாடு? (தொண்டி, 47)

வேண்டாம். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுசாகப் போகாது. பச்சை மீனைக் குழம்பு வையுங்கள்.

பிரசவமாகி பத்தாம் நாள் மாரடைப்பு. கொழுப்பு இல்லை, ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது என்றார்கள். அடுத்த குழந்தை பெறலாமா? (கீழக்கரை, 29)

இந்த வகை பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது. நீங்கள் ஏதும் தப்பாகச் செய்ததால் வந்ததல்ல. குழாய் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே ஆறும், ஆனால் திரும்ப வருவதும் உண்டு. இன்னொரு கர்ப்பம் வேண்டாம் என்றே அநேக டாக்டர்கள் சொல்வார்கள். இதய டாக்டரிடம் கணவரோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை கர்ப்பம் தரிக்காமலிருக்க காப்பர்-டி நல்லது.

என் மனைவிக்கு 36. மூன்று மாதமாகச் சும்மா அழுகிறாள், மாத்திரையும் சாப்பிட மறுக்கிறாள். (தேவிபட்டினம்)

தம்பி, இது பிடிவாதம் அல்ல. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சாதாரணம், இளம் பெண்களுக்கு இன்னும் அதிகம். அதைக் கவனிக்காமல் விட்டால் இதயமும் தேறாது. அடுத்த செக்கப்பில் மார்வலியைச் சொல்வதைப் போலவே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. தண்ணீர்க் குடம் தூக்குவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள். திடீரென்று வியர்த்து, தாடையோ முதுகோ வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் வாய்வு என்று சோடா கொடுக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.