நீதிபதி வேட்பாளர் நன்கொடை கேட்டால்: டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவருக்கு

தம்பி, சுகர்லேண்டில் பொங்கல் விழாவுக்கு வந்த நீதிபதி வேட்பாளர் ஆதரவு கேட்டார், நம்மூர்ப் பக்கத்து ஆள், பின்னணி எப்படி, 100 டாலர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எச்1பி, அதாவது தற்காலிக வேலை விசா என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் இங்கே எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக்கூடாது. மத்தியச் சட்டம், ஜனாதிபதி முதல் பள்ளி போர்டு வரை பொருந்தும். நிதி திரட்டும் டின்னருக்கு வாங்கும் டிக்கெட்டும் நன்கொடைதான். "கிரீன் கார்டு வைத்திருக்கும் மச்சான் பெயரில் செக் எழுதுங்கள், அவருக்கு அப்புறம் தந்துவிடலாம்" என்று யோசனை சொல்லும் பெரிய மனிதர்கள் நம்மவர்களிலேயே உண்டு. அது தனிக் குற்றம். சம்பளம் வாங்காமல் நோட்டீஸ் கொடுக்கலாம், தடையில்லை.

விழா வாசலில் வாக்காளர் பதிவு என்று படிவத்தை நீட்டுவார்கள். அவசரத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் குடியுரிமைக்கு என்-400 நிரப்பும்போது இதைக் கேட்பார்கள்; நாடுகடத்தல் வரை போன வழக்குகள் இருக்கின்றன. ஓட்டுநர் உரிமம் எடுத்தவர்களுக்கும் ஜூரி அழைப்பு வரும். குப்பையில் போடாமல், குடிமகன் அல்ல என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.

ஆளைப் பற்றி: எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று பாருங்கள். கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி; கவுண்டி ஜட்ஜ் என்பவர் பெரும்பாலும் பட்ஜெட், சாலை, வெள்ளம் பார்க்கும் நிர்வாகத் தலைவர். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் 20,000 டாலர் வரையிலான சிவில் வழக்கும் ஜேபி (ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்) எனும் சிறு வழக்குக் கோர்ட்டுக்குப் போகும். அந்த நீதிபதி வக்கீலாக இருக்க வேண்டியதுகூட இல்லை. டிஸ்ட்ரிக்ட் கோர்ட் நீதிபதியாக, முன்பெல்லாம் வக்கீலாகவோ நீதிபதியாகவோ 4 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும். 2021இல் வந்த மாநில அரசியலமைப்புத் திருத்தம் அதை 8 ஆக்கியது. வக்கீல்களின் மாநில அமைப்பான ஸ்டேட் பார் தளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் பெற்ற ஆண்டும் ஒழுங்கு நடவடிக்கையும் தெரியும்.

மேடைப் பேச்சை நம்பி எடை போடாதீர்கள். வரப்போகும் வழக்கில் இப்படித் தீர்ப்பளிப்பேன் என்று வாக்குத் தர நடத்தை விதி இடம் கொடுக்காது. ஆகவே எல்லோரும் 'நியாயம், அனுபவம்' என்றே பேசுவார்கள். பதவியில் இருப்பவர் என்றால் ஒரு நாள் காலை கோர்ட்டில் பின்வரிசையில் போய் உட்காருங்கள், அனுமதி கேட்கத் தேவையில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து அமர்கிறாரா, வக்கீல் இல்லாமல் வந்தவரைப் பேச விடுகிறாரா, இரண்டும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

காசர்கோட்டில் பீடி சுற்றிப் படித்த சுரேந்திரன் பட்டேல், 2017இல் குடியுரிமை வாங்கி, 2022இல் சுகர்லேண்ட் இருக்கும் இதே ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 240ஆவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டைப் பிடித்தார். உச்சரிப்பு சரியில்லை, நிற்காதே என்றவர்களும் இருந்தார்கள். நம்மவர்கள் பெருமைப்படட்டும். ஆனால் ஊர்ப்பெயர் பார்த்து ஓட்டுப் போடுகிற பழக்கத்துக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி உட்தேர்தலில், சொந்தக் கட்சியிலேயே பதவியில் இருந்த நீதிபதியை வென்றுதான் அவர் களத்துக்கு வந்தார்.

இங்கே நீதிபதிகளும் கட்சி சார்பில்தான் நிற்கிறார்கள். 2018 வரை ஒரே தட்டில் கட்சி முழுவதற்கும் ஓட்டுப் போடலாம். அந்த ஆண்டு பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் நல்ல பெயர் எடுத்த நீதிபதிகளும் கட்சியோடு சேர்ந்து தோற்றுப் போனார்கள். 2020இல் அந்த வசதி போய்விட்டது. இப்போது வாக்குச்சீட்டின் அடியில் வரிசையாக நீதிபதிகள். பாதியில் கை ஓய்ந்து வெளியே வருபவர்களும் உண்டு.