வீல் நட்டும் இம்பாக்ட் ரெஞ்சும்: கேள்வி பதில்

இம்பாக்ட் ரெஞ்ச் என்பது உள்ளே மோதி மோதி நட்டைத் திருப்பும் கருவி. அதைப் பற்றி, வீட்டிலேயே கார் வேலை பார்க்கும் நம் வட்டாரத்தார் கேட்டவை இவை. காரைக்குடியில் பட்டறை நடத்துகிறேன். கையால் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

தேவகோட்டை: சிறிய கார். டயர் கழற்றுவதற்கு எவ்வளவு விசையுள்ள கருவி வாங்கலாம்?

சிறிய காரின் வீல் நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அளவு) அளவில்தான் இறுக்குவார்கள். துருப்பிடித்தாலோ யாராவது மிகையாக இறுக்கியிருந்தாலோ, கழற்ற அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். அரை அங்குலச் சதுர முனை, 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரி, 300 முதல் 400 நியூட்டன் மீட்டர்: வீட்டுக்கு இது தாராளம். மலிவான பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

புதுவயல்: ஸ்க்ரூ முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. போதாதா?

போதாது.

கானாடுகாத்தான்: ஆச்சி வீட்டுக் கொட்டகையில் ஆறு வருடமாக அம்பாசடர் நிற்கிறது. நட்டு அசையவே இல்லை.

இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடுகிறது. மரையின் இடுக்கில் அது உப்பி அடைத்துக்கொள்வதால்தான் நட்டு இறுகுகிறது. முதலில் கம்பித் தூரிகையால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் மரைத் தண்டு) வெளி மரையைத் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கருவியில் ஆறு முனை சாக்கெட்டைப் (நட்டின் மேல் பொருந்தும் குழல்) போட்டு, ஒரு நொடி இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கருவியின் உள்ளே சுத்தியல் போன்ற ஒரு பாகம் சுழன்று மோதிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வில் துரு பொடியாக உதிரும். ஐந்தாறு நொடிக்கு மேல் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்காதீர்கள், ஸ்டட் முறிந்துவிடும். எண்ணெய், ஓய்வு, மறுபடி அடி. இதில் அவசரம் ஆகாது.

பள்ளத்தூர்: கழற்றிய கருவியாலேயே திரும்ப முடுக்கலாமா?

கூடாது. கையால் நான்கு மரை ஏற்றி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்கி, டயர் தரையில் பட்டதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) முடியுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபாருங்கள்.

கோட்டையூர்: பல பட்டறைகளில் கருவியால்தான் முடுக்குகிறார்கள். எனக்குப் பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பயமுறுத்தவில்லை. ஓர் இரவு திருமயம் தாண்டி ஒரு தாயும் மகளும் டயர் பஞ்சராகி நின்றார்கள். முந்தின வாரம் ஏதோ ஒரு பட்டறையில் கருவியால் முடுக்கிய நட்டு. மகள் வீல் ஸ்பானர் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. ஸ்பானரின் கைப்பிடிதான் வளைந்தது. நான் போய்க் கழற்றியபோது இரண்டு ஸ்டட்டின் மரை இழுபட்டிருந்தது. உங்களுக்கு ஆகவில்லை என்றால் மகிழ்ச்சி. உங்கள் வீட்டுப் பெண்கள் சாலையில் தனியாக நின்று அந்த நட்டைக் கழற்ற முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.

கோட்டையூர்: விசையைக் குறைத்து வைத்து முடுக்கினால்?

அந்தக் குறைந்த நிலை ஓர் அளவு அல்ல. பேட்டரியின் சார்ஜ், மரையின் துரு, நீங்கள் பிடித்த நொடிகள் என எல்லாவற்றுக்கும் ஏற்ப இறுக்கம் மாறும். ஒரே சக்கரத்தில் ஒரு நட்டு ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி இறுகினால் பிரேக் டிஸ்க் கோணலாகி பிரேக் மிதியில் அதிர்வு வரும்.

புதுக்கோட்டை: 400 போதுமா, 1000 வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கண்டனூர்: கம்ப்ரசரில் ஓடும் ஏர் கன் மலிவாயிற்றே?

கன் மலிவு, கம்ப்ரசர் மலிவல்ல. சிறிய தொட்டியில் சில நொடிகளிலேயே அழுத்தம் இறங்கிவிடும். வீட்டுக்கு வேண்டாம்.

கண்டனூர்: பழைய சாக்கெட் செட் போதுமா?

பளபளக்கும் கை சாக்கெட்டை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். மோதலில் விரிசல் விட்டுச் சில்லு தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. தடித்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டை வாங்குங்கள். கண்ணாடியும் அணியுங்கள்.

பள்ளத்தூர்: ஸ்பார்க் பிளக், ஆயில் பிளக் முடுக்கலாமா?

கூடாது. அலுமினிய மரை நொடியில் போய்விடும். முடுக்குவது கையால், இதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான்: அம்பாசடரின் மற்ற நட்டுகள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் வரவில்லை. வண்டி ஜாக்கியில்தான் நிற்கிறது.

முதலில் கழற்றியவற்றைக் கையால் மாட்டிவிட்டு வண்டியைக் கீழே இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடிக்காதீர்கள். அந்த ஒன்றுக்கு இன்றிரவும் எண்ணெய் விடுங்கள். நாளையும் அசையாவிட்டால் சொல்லுங்கள், நானே வருகிறேன்.