இரண்டு பருவம் தள்ளிப்போட்டால் என்ன?

கேள்வி: நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்கிறேன். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. என் மனைவி கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். எங்கள் மகளுக்குப் பத்து மாதம். ஆய்வுக்கூட வேலைகள் முடிந்துவிட்டன, ஆய்வேட்டை எழுதி மூன்று மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறார். அதே சமயத்தில்தான் மகளின் முதல் பிறந்தநாள் வருகிறது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அம்மா, மண்டபம் எடுத்து உறவினர் அனைவரையும் அழைக்க வேண்டும் என்றும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் குழந்தைக்கு முடியிறக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மனைவியோ விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து கணினியின் முன் உட்கார்ந்துவிடுகிறார். பகலெல்லாம் களைப்பு, வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. இரண்டு பருவத்துக்குப் படிப்பைத் தள்ளி வைக்கலாம், குழந்தை நன்றாக நடக்க ஆரம்பித்ததும் தொடரலாம் என்றேன். கேட்க மறுக்கிறார். படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்.
– வாசகர், சுங்கை டுவா, பினாங்கு

பதில்: உங்கள் மனைவிக்கு நான் எதையும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவர் செய்வது சரி. சொல்ல வேண்டியவை உங்களுக்குத்தான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நீங்கள் உங்கள் தாயாரிடம் கொண்டு சேர்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் குறையாக எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து கணினியின் முன் உட்காருகிறார் என்கிறீர்கள். அந்த நேரம் குழந்தையிடமிருந்து எடுத்த நேரமா, உங்களிடமிருந்து எடுத்த நேரமா? இரண்டும் இல்லை. இரவில் இரண்டு மூன்று முறையாவது விழித்தழும் பத்து மாதக் குழந்தைக்குப் பாலூட்டிப் படுக்க வைத்துவிட்டு, தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அவர் உண்டாக்கிய நேரம் அது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியதைச் சேர்த்த பிறகு தமக்கென்று பகலில் ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை என்பதைத்தான் அந்த நான்கு மணி சொல்கிறது. பகல் களைப்புக்குக் காரணம் ஆய்வு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆய்வுக்குப் பகலில் இடம் கிடைக்காததுதான் காரணம் என்பது என் கருத்து.

ஆய்வுக்கூட வேலை முடிந்துவிட்டது, இனி வீட்டிலிருந்தபடியே எழுதுவதுதானே என்ற எண்ணம் ஆய்வு மாணவர்கள் உள்ள பல குடும்பங்களில் இருக்கிறது. எழுதும் காலம்தான் மிகவும் கடினமானது. ஒரு வரைபடத்தில் ஓர் உச்சி தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்று நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பத்தியில் விளக்குவதற்கு, அந்தச் சோதனை மாதிரி எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம் உலர்த்தப்பட்டது என்பதை இரண்டாண்டுக்கு முந்திய குறிப்பேட்டில் தேடி எடுக்க வேண்டும். அதே நகர்வை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்களா, கண்டிருந்தால் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று நாலைந்து கட்டுரைகளைப் புரட்ட வேண்டும். அவர்கள் சொன்ன காரணம் தம் மாதிரிக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். இவ்வளவும் ஒரே சமயத்தில் மனத்தில் நிற்கும்போதுதான் அந்தப் பத்தி எழுதப்படும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான். இடையில் ஓராண்டு போய்விட்டால் அந்தக் குறிப்பேடே அவருக்கு அந்நியமாகிவிடும்.

படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிவிடும் என்பதுதான் உண்மை. முனைவர் பட்டப் பதிவுக்கு உச்ச காலவரம்பு உண்டு. உதவித்தொகைக்கு அதைவிடக் குறுகிய வரம்பு இருக்கலாம். ஆய்வுக்குப் பணம் தந்த மானியம் முடிந்தால் கருவிகளைப் பயன்படுத்தும் வசதியும் அதோடு முடிந்துவிடக்கூடும். தேர்வாளர் கூடுதலாக ஒரு சோதனை கேட்டால் அதைச் செய்ய இடமிருக்காது. மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவார், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவார், ஆய்வு விடுப்பில் வெளிநாடு செல்வார். இதே கண்டுபிடிப்பை வேறு நாட்டில் வேறொருவர் முதலில் வெளியிட்டுவிட்டால் ‘புதிய பங்களிப்பு’ என்று ஆய்வேட்டில் எழுத எதுவும் மிஞ்சாது. ஒத்திவைக்கும் பருவங்கள் உச்ச காலத்தில் சேருமா சேராதா, அந்நாட்களில் உதவித்தொகை நிற்குமா, திரும்பி வரும்போது கட்டணம் எவ்வளவு என்பவற்றில் ஒன்றையாவது விசாரித்தீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தபோது, தொழிலாளிப் பெண்களின் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மணமான ஆண் தொழிலாளிக்கு 7 நாள் தந்தைமை விடுப்பும் கிடைத்தது. அந்த 7 நாளுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவி தொழிலாளி என்ற கணக்கில் வருவதில்லை; அந்தச் சட்டம் தரும் 98 நாள் அவருக்கு இல்லை. சேமநிதியில் முதலாளியின் பங்கும் விழாது. இப்படி எந்தப் பிடிமானமும் இல்லாமல் பிள்ளை பெற்று, பத்தாம் மாதத்தில் ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்து நிற்கும் ஒருவரிடம்தான், இப்போது நிறுத்திக்கொள் என்கிறீர்கள்.

குழந்தை சிறியது, தாய் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று உங்கள் தாயார் கேட்கலாம். நம் சமூகத்தின் கதையையே அவருக்கு நினைவூட்டுங்கள். ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் இருட்டோடு எழுந்து, கைக்குழந்தையைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டப் போனார்கள். உத்திரத்தில் வரிசையாகத் தொங்கிய துணித் தூளிகளில் பிள்ளைகள் உறங்க, வயதான ஆயா ஒருவர் ஆட்டிக்கொண்டிருப்பார். பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு உச்சிவெயிலில் திரும்பி வந்துதான் பிள்ளையைத் தூக்கினார்கள். பிறகு 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் தொடங்கப்பட்டபோது இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இன்று நீங்கள் வேலை செய்யும் வட்டாரம் அவர்களுடைய ஷிப்டுகளின் மேல் எழுந்ததுதான். கூலிக்குப் போன தாய்மாரிடம், குழந்தை நடக்கும் வரை இரண்டு பருவம் வீட்டில் இரு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் குடும்பங்களும் இல்லை. அந்தப் பாட்டிமாரின் பேத்தி ஒருத்தி வேதியியலில் முனைவராகும் இடத்துக்கு வந்திருக்கும் இந்த நேரத்தில், குழந்தையைக் காரணம் காட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். உங்களுக்கு நான்கு நாள் வேலைக்குப் பின் நான்கு நாள் ஓய்வு வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவருக்கு முதல் ஓய்வு நாளில் உடம்பு எழுந்திருக்காது என்பதை நான் அறிவேன். அந்த ஒரு நாளைத் தூங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று நாளும் காலை எட்டு மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. மனைவி வீட்டில் இருக்க வேண்டாம். வளாகத்திலுள்ள ஹம்சா செண்டுட் நூலகத்துக்குப் போகட்டும். எடுத்து வைத்த தாய்ப்பால் குளிர்பதனப் பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது, கஞ்சியை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும், தூங்குவதற்கு முன் குழந்தை எதைத் தேடும் என்பவற்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்ட பின் அவரைத் தொலைபேசியில் அழைத்து இவற்றைக் கேட்காதீர்கள். பன்னிரண்டாம் மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் இரண்டாம் தவணை வருகிறது. அது சரியாக ஆய்வேட்டின் கடைசி வாரங்களில் விழும். குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்கு நீங்கள் போங்கள். ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஷிப்டில் இருக்கும் நான்கு நாட்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் தாயாருக்கு உடல்நிலை இடம் தந்தால் அந்நாட்களில் உங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லுங்கள். நாள்தோறும் காலை நெரிசலில் பினாங்கு பாலத்தைக் கடந்து வருவது அவருக்கும் சரிப்படாது, உங்களுக்கும் நிச்சயமிருக்காது. வருபவர் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வர வேண்டும். மருமகள் எத்தனை மணிக்குச் சமைக்கிறார் என்று பார்க்க வரக்கூடாது. இதைச் சொல்ல வேண்டியவர் மகனாகிய நீங்கள். அது முடியாவிட்டால் சமூக நலத்துறையில் பதிவு பெற்ற குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்றைத் தேடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. போய்ப் பார்க்கும்போது தலையை எண்ணிப் பாருங்கள். பதிவு பெற்ற மையத்துக்குக் கட்டும் தொகையில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கோரலாம். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிறந்தநாளுக்கு வருகிறேன். முதல் பிறந்தநாளை யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை. அன்று காலை கோயிலில் ஓர் அர்ச்சனை, மாலையில் வீட்டில் பாயசம், இரு வீட்டுப் பெரியவர்கள் என்று செய்தால் குழந்தைக்கு எந்தக் குறையும் வராது. மண்டபமும் உறவினர் கூட்டமும் ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு வரும் ஒரு சனிக்கிழமைக்குப் போகட்டும். பத்திரிகை அடிப்பதும், சாப்பாட்டுக்குச் சொல்வதும், யாரை அழைக்க மறந்தோம் என்ற மனத்தாங்கல்களைத் தீர்ப்பதும் எத்தனை வாரத்து வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அவை யார் தலையில் விழும் என்பதும் தெரியும். முடியிறக்கும் நேர்த்திக்கடனுக்குத் தைப்பூசமே வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு வயதுக் குழந்தையைப் பூசக் கூட்டத்தில், வெயிலில், தண்ணீர்மலையின் 500-க்கும் மேற்பட்ட படிகளில் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிட, ஒரு கார்த்திகை நாளிலோ மூன்றாம் வயதிலோ அமைதியாகச் செய்யலாம். முருகன் அதை ஏற்றுக்கொள்வான் என்பதில் உங்கள் தாயாருக்கும் ஐயம் இருக்காது.

நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டை ஒப்படைத்ததும் அது தேர்வாளர்களிடம் போகும். அவர்கள் படித்து, அறிக்கை எழுதி, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கச் சில மாதங்கள் ஆகும். நீங்கள் இப்போது கேட்கும் அந்த ஓய்வு அப்போது தானாகவே வந்து சேர்கிறது. உங்கள் மகள் தள்ளாடி நடக்கும் பருவமும், முதல் சொற்களைப் பேசும் பருவமும் அந்த மாதங்களில்தான் வரும்; மனைவி மனத்தில் பாரமில்லாமல் கூட இருப்பார். மூன்று மாதம் பொறுத்துத் துணை நின்றால் கிடைக்கக்கூடியதை, ஓராண்டு ஒத்திவைத்து இழக்கச் சொல்கிறீர்கள்.

அவரே நிறுத்த விரும்பினால் அது வேறு. வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் களைப்பா, உங்கள் மீதுள்ள கோபமா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வா என்பதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகிறார், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவக் காரணத்துக்காக ஒத்திவைக்க வேண்டியிருந்தால் அதை அவரும் மருத்துவரும் மேற்பார்வையாளரும் பேசி முடிவு செய்யட்டும்.

அடுத்த ஓய்வு நாளில் மனைவியோடு உட்கார்ந்து, ஒப்படைக்கும் தேதி, ஊசித் தேதி, உங்கள் ஷிப்டு அட்டவணை மூன்றையும் வீட்டு நாள்காட்டியில் எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்ததும் அதையும் எழுதி, அன்றைக்கு உடனே விடுப்புக்குச் சொல்லி வையுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.